ஹெர்னியா சிக்கிய ராத்திரி: சேலத்தில் ஆபரேஷன் வரிசையில் பட்ட பாடு

மாமனார் இப்போது கஞ்சி குடிக்கிறார், யார் கையையும் பிடிக்காமலே நடக்கிறார். ஆனாலும் அன்றைக்கு அட்மிஷன் கவுண்டரில் வீணாய்ப் போன நேரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தொடை இடுக்கில் அவருக்குப் பல வருடமாக ஹெர்னியா, அதாவது குடல் பிதுங்கி வருகிற வீக்கம், உண்டு. படுத்தால் உள்ளே போய்விடும், அதனால் ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே வந்தார். அன்று சாயங்காலம் உள்ளே போகவில்லை. வீக்கம் கல் மாதிரி இறுகி, தொட்டாலே துடித்தார். பச்சையாக வாந்தி வேறு. ஏற்காட்டில் காட்டியதும் சேலத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். 108-இல் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து சேர்ந்தோம். அதுவரை ஒரு குறையும் இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் கையில் இருந்தன. ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல். கவுண்டரில் இருந்தவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"சரி பண்ணிட்டு வாங்கம்மா, அப்புறம் ஃபைல் போடறேன்."

"இந்த ராத்திரியில எங்கே போய்ச் சரி பண்றதுங்க? அவரு வலியில துடிக்கறாருங்க."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இப்படி நடந்தால் அங்கேயே நின்று மன்றாடாதீர்கள். காப்பீட்டு வேலைக்கென்று தனியாக ஒருவர் இருப்பார், அவரைத் தேடிப் பிடியுங்கள். எங்களுக்கு அவர்தான் ஃபைல் போட வைத்தார். பேப்பரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் சட்டென்று முடிந்தன. அடுத்தது தியேட்டர். போர்டில் மார்க்கரால் எழுதியிருந்த லிஸ்டில் மாமனார் பெயர் கடைசி. "வந்த வரிசைப்படிதாங்க" என்றார் நர்ஸம்மா. முன்னால் இருந்தவர்களில் ஒரு பையனுக்குக் கை எலும்பு முறிவு. வெளிக்காயம் இல்லை, கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நேரத்தில் வீக்கத்தின் மேல்தோல் சிவந்து கருக்க ஆரம்பித்தது, வயிறும் உப்பியது. போய்ச் சொன்னால், "டாக்டர் பார்த்தாச்சே." "அவர் பார்த்தப்போ சிவக்கலைங்க, இப்போ சிவந்திருக்கு. வந்து பாருங்க" என்று நகராமல் நின்றேன். பயிற்சி டாக்டர் ஒருவர் வந்து, இரண்டு விரலால் அழுத்தி, நாடி பார்த்துவிட்டு அங்கிருந்தே பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். போர்டில் மாமனார் பெயர் முதலுக்கு வந்தது.

பெரிய டாக்டர் பையனின் அம்மாவிடம் தானே போய் எடுத்துச் சொன்னார். சிக்கிய குடலுக்கு ரத்தம் போகாது, சில மணி நேரத்தில் அது அழுகலாம். எலும்பு காலை வரை தாங்கும். அந்த அம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. இந்த விளக்கத்தை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? உடனே செய்ய வேண்டியது, சில மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியது, நாள் குறித்துச் செய்யலாம் என்பது எது என்று பிரித்து, நோயாளி நிலை மாற மாற வரிசையையும் மாற்ற வேண்டும். ஒரு தடவை பார்த்ததோடு விடக் கூடாது.

திறந்தபோது குடல் கருத்திருந்ததாம். சூடான சலைனில் நனைத்த துணியைச் சுற்றிக் காத்திருந்ததில் நிறம் திரும்பியிருக்கிறது. வெட்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை. அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வலி எப்போது ஆரம்பித்தது, எத்தனை முறை வாந்தி, கடைசியாக என்ன சாப்பிட்டார் என்பதை மணியோடு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மயக்க டாக்டர் அதைத்தான் முதலில் கேட்டார். வழியில் காபி, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். இனிஷியலைத் திருத்த வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டோம். அதே ஹெர்னியா இருக்கிற சின்ன மாமனாரையும் ஆபரேஷனுக்குத் தேதி வாங்க வைத்துவிட்டேன்.