போனைப் பையில் போட்ட பிறகு

2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் ஒரு கட்சிக்காக சர்வே எடுக்கும் வேலையில் இருந்தேன். எனக்கு விழுந்த பகுதி மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரை. "உங்கள் ஊரின் முக்கியப் பிரச்சினை எது?" என்பது முதல் கேள்வி. பாம்பனானாலும் தங்கச்சிமடமானாலும் பதில் ஒன்றுதான்: கச்சத்தீவை மீட்கணும். போனில் ஒரு தட்டு, அடுத்த வீடு.

தங்கச்சிமடத்தில் ஒரு விசைப்படகுக்காரர் அதே பதிலைச் சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். போனைப் பையில் போட்ட பிறகுதான் உண்மையில் பேசினார்.

"தீவு வந்தா மீன் வந்திருமா தம்பி? இழுத்து இழுத்து நம்ம பக்கத்தை நாமளே வழிச்செடுத்துட்டோம். என் மகனை இதுல விட மாட்டேன்."

விசைப்படகுகள் கடலடியை வழித்து இழுக்கும் இழுவைமடி வலையைப் பற்றி நாட்டுப்படகுக்காரர்கள் ரொம்ப காலமாகச் சொல்வதுதான். படகு முதலாளி வாயிலிருந்து கேட்டது எனக்கு அதுவே முதல் தடவை.

"இதையும் போட்டுக்கவா அண்ணே?"

"வேணாம்பா. நான் சங்கத்துல இருக்கேன்."

அறிக்கையில் கச்சத்தீவு முதலிடம். "ஜனங்க சொல்றதைத்தான் நாம பேசணும்" என்றார் மேலதிகாரி. சரிதானே என்று தலையாட்டிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. கச்சத்தீவு இலங்கைக்குப் போன 1974 ஒப்பந்தத்திலிருந்து எல்லாக் கட்சிகளும் மேடை மேடையாகச் சொன்னதைத்தான் ஜனங்கள் எங்களிடமே திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் அதை எண்ணி சதவீதம் போட்டிருக்கிறோம்.

அதற்காக அந்த வலி பொய்யில்லை. இலங்கைக் கடற்படை பிடித்துப் போன படகுக்காகக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வலிக்குப் பின்னால் கட்சி போகத்தான் வேண்டும். ஆனால் 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டே தடுத்தது. இலங்கைக் கரையில் நம் இழுவைமடியால் வலை அறுபடுகிறவர்களும் தமிழ் மீனவர்கள்தான். இதைத் தங்கச்சிமடத்தில் மைக் பிடித்துச் சொல்ல எந்த வேட்பாளருக்குத் துணிச்சல் வரும்? அதே 2017இல் ஆழ்கடல் படகுக்கு மாறும் மானியத் திட்டமும் வந்தது. கடனுக்குப் பயந்து பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். "இழுவைமடியை விட்டால் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்வி எங்கள் பட்டியலில் இல்லவே இல்லை. எழுதியவர்கள் சென்னையில் இருந்தார்கள். சேர்க்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. நான்கு நாள் முன்புதான் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்ததால் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. விரலில் மையோடு கடைவாசலில் நின்ற அந்த விசைப்படகுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தம்பி, இன்னைக்குப் போன் கொண்டு வரலையா?"