ரெண்டு நிலக்கடலைப் பருப்புக்குப் பதிமூணு மாசம்

சென்னிமலைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். கடலைக்காய் போடாத வருசம் அபூர்வம். எங்கள் வீட்டில் சட்னிக்குக் கடலைக்காய், பொரியலில் தூவக் கடலைப் பொடி, தாளிக்கச் செக்குக் கடலெண்ணெய். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பையனுக்குக் கடலைக்காய் ஆகாது என்றால் யார் நம்புவார்கள்? என் மாமியார் நம்புவதற்கே மூன்று வருசம் பிடித்தது.

அவனுக்கு மூணு வயசில், ஒரு சீர் வீட்டுப் பந்தியில்தான் முதல் தடவை வந்தது. ஒரு வாய் சட்னிதான். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு கிளம்பி, வாந்தி எடுத்து, மூச்சு இழுத்தது. பக்கத்தில் இருந்த கிளினிக்கில் அலர்ஜிக்குப் போடும் அவிலும் ஸ்டீராய்டும் போட்டு, "ஒத்துக்கலைங், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் தொடையில் முதலில் போட்டிருக்க வேண்டியது அட்ரினலின் என்ற உயிர்காக்கும் ஊசி என்பது எனக்குத் தெரிய ஆறு வருசம் ஆனது. இதை எழுதும்போதும் வயிறு கலங்குகிறது.

அதன்பின் எல்லாம் தள்ளிவைப்புதான். செக்கெண்ணெயில் கடலையின் புரதம் கொஞ்சம் தங்கிவிடும் என்பதால் காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய்க்கு மாறினோம். கடலைக்காய் ஆயுற நாளில் அவனை அப்புச்சி வீட்டில் விட்டுவிடுவோம். பள்ளிக்கூடத்தில் யாராவது கடலை மிட்டாய் நீட்டினால் வாங்கக் கூடாது என்று தினமும் காலையில் ஒரு பாடம். அப்படியும் ஒன்பது வயசுக்குள் இன்னும் இரண்டு தடவை வந்துவிட்டது.

கோயமுத்தூரில் ஓர் அலர்ஜி டாக்டரைப் பார்த்தோம். பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து, ஒவ்வொரு சொட்டின் வழியாகவும் லேசாகக் குத்தி, கால் மணி நேரம் பொறுத்து வீக்கத்தை ஸ்கேல் வைத்து அளந்தார்கள். 3 மில்லிமீட்டர் வந்தாலே கணக்கில் வருமாம். இவனுக்குக் கடலைச் சொட்டு 11. ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது.

அப்போதுதான் டாக்டர் அந்த வைத்தியத்தைப் பற்றிச் சொன்னார். ஆகாத பொருளையே தூசி அளவில் தொடங்கி, தினமும் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி உடம்பைப் பழக்குவது. "இது நோயைத் தீர்க்கறது இல்லீங்கம்மா. தெரியாம ஒரு கடி கடிச்சுட்டா உயிருக்கு வராம இருக்கோணும், அவ்வளவுதான்" என்றார். அமெரிக்காவில் 2020-ல் ஒப்புதல் வாங்கிய மருந்துகூட எடை போட்ட கடலை மாவுதானாம். 2018-ல் வந்த பெரிய ஆய்வில் 4 முதல் 17 வயசுப் பிள்ளைகளில், மருந்து எடுத்தவர்களில் 67 சதவீதம் பேர் கடைசியில் 600 மில்லிகிராம் கடலைப் புரதத்தைத் தாங்கினார்கள். வெற்று மாவு எடுத்தவர்களில் 4 சதவீதம். அடுத்ததையும் அவர் மறைக்கவில்லை: மருந்து எடுத்தவர்களில் ஏழில் ஒருவருக்கு நடுவில் அட்ரினலின் ஊசி தேவைப்பட்டிருக்கிறது.

மாமியாருக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு. "அதுக்கு எதுக்கம்மணி கோயமுத்தூரு? நம்ம காட்டுக் கடலைய வறுத்து இடிச்சாப் போச்சு." யாராவது நிஜமாகவே அப்படி யோசித்தால், தயவுசெய்து வேண்டாம். அங்கே மில்லிகிராம் கணக்கு. கைநிதானத்துக்கு இதில் இடமே இல்லை.

உடனே தொடங்கவும் இல்லை. அவனுக்கு வீசிங் உண்டு. அது அடங்காமல் இதில் இறங்கக் கூடாது என்று மூன்று மாசம் இன்ஹேலர். பிறகு ஒருநாள் முழுக்க ஆஸ்பத்திரியில், கையில் ஊசி குத்தி வைத்து, அரை மில்லிகிராம் கடலைப் புரதத்தில் தொடங்கி 6 வரை கொடுத்துப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து 3. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கோயமுத்தூர் போய் அங்கேயே அடுத்த அளவு: 6, 12, 20, 40, 80... கடைசிப் படி 300. அது ஒரு பெரிய பருப்பு. எங்கள் ஊர்ப் பொடிக் கடலையில் ரெண்டு.

கணக்குப்படி ஆறு மாசத்துக்குள் முடிந்திருக்கலாம். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்டக் கூடாது, நாலு நாள் விட்டுப்போனால் குறைத்துத் தொடங்க வேண்டும் என்று இழுத்து இழுத்து எங்களுக்குப் பதிமூணு மாசம்.

மாவைக் கொடுப்பது பெரிய கஷ்டமில்லை. கதளிப் பழத்தில் மசித்துக் கொடுத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுங்குவான். அதற்குப் பிறகுள்ள இரண்டு மணி நேரம்தான் வைத்தியமே. ஓடக் கூடாது, சுடுதண்ணியில் குளிக்கக் கூடாது, தூங்கக் கூடாது. வெறும் வயித்தில் கொடுக்கவும் கூடாது. பத்து வயசுப் பையனைத் தோட்டத்து வீட்டில் இரண்டு மணி நேரம் ஓடாமல் உட்காரவைத்துப் பாருங்கள். பல்லாங்குழி, தாயம், கடைசியில் வேறு வழியில்லாமல் போன்.

160-ல் இருந்தபோது ஒருநாள் சாயங்காலம் கன்னுக்குட்டி கயித்தை அறுத்துக்கொண்டு ஓட, இவனும் பின்னாலேயே ஓடிவிட்டான். மாவு சாப்பிட்டு அரைமணி ஆகவில்லை. திரும்பி வரும்போது கழுத்தெல்லாம் தடிப்பு, விடாத இருமல், குரல் கரகரத்தது.

வெளிநாட்டில் இதற்கென்று பேனா மாதிரி ஊசி உண்டு. எனக்குக் கையில் இருந்தது அட்ரினலின் ஆம்பூலும் (மருந்து அடைத்த கண்ணாடிக் குப்பி) 1 மில்லி சிரிஞ்சும்தான். அவன் எடைக்குக் கால் மில்லி என்று டாக்டர் பேனாவால் கோடு போட்டே கொடுத்திருந்தார். இன்சுலின் ஊசி வேண்டாம், அது சதை வரைக்கும் எட்டாது என்றும் சொல்லியிருந்தார். வெறும் சலைனை வைத்து வீட்டில் இருபது தடவையாவது பழகியிருப்பேன். அப்படியும் முதல் ஆம்பூல் கையில் நொறுங்கிவிட்டது. இரண்டாவதை உறிஞ்சி, டிராயருக்கு மேலேயே தொடையின் வெளிப்பக்கம் குத்தினேன். பத்து நிமிசத்தில் இருமல் அடங்கியது. திரும்ப வரலாம் என்பதால் ராத்திரி முழுக்கப் பெருந்துறையில் ஓர் ஆஸ்பத்திரியில். "போதும் சாமி, நிறுத்திரலாம்" என்று என் வீட்டுக்காரர் அழுதார். பையன்தான், "120-க்குப் போய் மறுபடி ஏறிக்கலாம்ப்பா" என்றான். அப்படித்தான் ஏறினோம்.

இதற்கிடையில் நாத்தனார் கைக்குழந்தைக்கு, கரப்பான் மாதிரித் தோல் அரிப்பு எதுவும் இல்லாததால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆறு மாசத்திலேயே கடலையை மையாக அரைத்துக் கஞ்சியில் கலந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். சீக்கிரம் கொடுத்தால் இந்த அலர்ஜி வருவது வெகுவாகக் குறைகிறது என்று 2015-ல் லண்டன் ஆய்வு ஒன்று காட்டியது. எனக்கு அந்தக் காலத்தில், ரெண்டு வயசு வரை கடலையே காட்டாதே என்றுதான் சொன்னார்கள். சொன்னபடி கேட்டவள் நான்.

300-க்கு வந்து எட்டு மாசம் ஆகிறது. மாவு போய் இப்போது ரெண்டு பருப்பு, தினமும் சாயங்காலம் ஆறரைக்கு. நிறுத்தினால் பழக்கம் போய்விடும் என்பதால் விடுமுறை கிடையாது. கடலைச் சட்னி இன்னும் இலைக்கு வருவதில்லை. எண்ணெயும் தேங்காய் எண்ணெய்தான். மாமியார் ஒவ்வொரு அறுப்பிலும் நல்ல காயாகப் பார்த்து, ஒரே அளவுப் பருப்பாகப் பொறுக்கி டப்பாவில் போட்டு வைக்கிறார். எடை மட்டும் நான்தான் போடுகிறேன். ஆம்பூல் அடுத்த மாசம் காலாவதி ஆகிறது, மெடிக்கலில் சொல்லி வைத்திருக்கிறேன்.