முகத்துக்கு அவசரப்படாதீர்கள்

மனித பொம்மை செய்யக் கிளே வாங்கி வந்த கையோடு பெரும்பாலானோர் செய்வது ஒரே வேலைதான்: ஓர் உருண்டையைப் பிடித்து, கண்ணும் மூக்கும் வாயும் வைத்து, அதிலேயே அரைநாளைப் போக்குவது. அப்புறம் உடம்பை ஒட்டினால் தலைக்கனம் தாங்காமல் பொம்மை குப்புற விழுகிறது. தெருமுனையில் வருகிற ஆளை முகம் தெரியும் முன்பே யாரென்று சொல்லிவிடுகிறோம் இல்லையா, நடையையும் நிற்பதையும் வைத்து? பொம்மைக்கும் அதுதான் உயிர். முகம் கடைசியில் வரட்டும்.

பழகுவதற்கு எண்ணெய் கலந்த பிளாஸ்டிசின் வகைதான் நல்லது என்பேன். காயவே காயாது, பிடிக்கவில்லை என்றால் பிசைந்து மறுபடி தொடங்கலாம். இங்கிலாந்தில் பாத் நகரத்து ஓவிய ஆசிரியர் வில்லியம் ஹார்பட் 1897 வாக்கில் இதை உருவாக்கியதே, மாணவர்கள் கையில் மண் சீக்கிரம் காய்ந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான். நம் ஊர் மே மாதத்தில் தொய்ந்து போகும், பத்து நிமிஷம் ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும்.

உள்ளே கம்பி இல்லாமல் நிற்கிற மனிதனைச் செய்யாதீர்கள். அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கிக்கொள்ளுங்கள், ஒற்றைக் கம்பியில் கிளே வழுக்கிக்கொண்டு சுற்றும். பாதத்துக்குக் கீழே கம்பியை நீட்டிவிட்டு ஒரு பலகைத் துண்டில் துளை போட்டுச் செருகுங்கள். மார்புக்கும் தலைக்கும் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி இறுக்கிச் சுற்றினால் கிளேயும் மிச்சம், கனமும் குறைவு. காற்றில் காயும் கிளே என்றால் கவனம்: அது காயக் காயச் சுருங்கும், கம்பி சுருங்காது, விரிசல் விடும்.

நின்ற மனிதனின் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை. சிற்ப சாஸ்திரத்தில் இதுபோல முகத்தின் நீளத்தை வைத்து அளப்பதைத் தாலக் கணக்கு என்பார்கள், பிள்ளையாருக்கு ஐந்து தாலம்தான். பெரிய தலை, குட்டை உடம்பு, தொந்தி. பழகுகிறவருக்கு இதைவிடத் தோதான ஆள் கிடையாது.

இனி நிற்பது. இரண்டு காலிலும் சமமாக நின்றால் பொம்மை பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்கிற மாதிரி விறைத்துப் போகும். எடையை ஒரு காலுக்கு மாற்றுங்கள்: அந்தப் பக்கத்து இடுப்பு மேலேறும், அதே பக்கத்துத் தோள் சற்று இறங்கும், மற்ற முழங்கால் தளர்ந்து முன்னே வரும். கம்பியாக இருக்கும்போதே இதை வளைத்துவிட வேண்டும், கிளே ஏறிய பிறகு வளைத்தால் பிளக்கும். சரிபார்க்க ஒரு நூலில் சட்டைப் பொத்தானைக் கட்டி, கழுத்துக்குழிக்கு நேரே தொங்கவிடுங்கள். சும்மா நிற்கிற உருவம் என்றால் பொத்தான் எடை தாங்கும் காலின் கணுக்கால் அருகே வந்து நிற்கும். வெகுதூரம் விலகினால் பொம்மை விழப்போகிற மாதிரி தெரியும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் சோழர் கால வெண்கல அம்மன்களை நேரே முன்னால் நின்று பாருங்கள். திரிபங்கம், அதாவது மூன்று வளைவு, என்று பேர் வைத்திருப்பதே இந்த வளைவுக்குத்தான்.

உளிகளுக்குக் காசு போட வேண்டாம். பல்குச்சி, தீர்ந்த ரீஃபில், வளைத்த ஹேர்பின், ஸ்பூன் காம்பு போதும். ஆரம்பத்திலேயே தேய்த்து மழமழவென்று ஆக்குகிற ஆசையை அடக்குங்கள், கனமும் வளைவும் சரியாகும் வரை சொரசொரப்பாகவே இருக்கட்டும். கைக்கு முதலில் தட்டையான உள்ளங்கை, அதிலிருந்து கட்டைவிரலைப் பிரித்து, மற்ற விரல்களுக்குக் கோடு மட்டும் போடுங்கள்.

சுட்டால் கெட்டியாகிற பாலிமர் கிளேக்கு மாறினால் பாக்கெட்டில் போட்ட வெப்பத்தை மீறாதீர்கள், பெரும்பாலும் 130 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும். கருகினால் வருகிற புகை கெட்டது, அந்தக் கிளேயில் பிவிசி பிளாஸ்டிக் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தே சுடுங்கள்.

கடைசியாக முகம். கண் தலையின் சரிபாதி உயரத்தில் இருக்கிறது. நெற்றியைச் சுருக்கிக் கண்ணை மேலே ஏற்றத்தான் கை போகும், அளந்து வையுங்கள்.