லீட்ஸில் ஐந்து மாணவர்கள் சேர்ந்து வாழும் வீட்டுக்கு பிராட்பேண்ட் எடுத்த அனுபவம்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஹைடு பார்க் என்ற பகுதி, மாணவர்கள் கூட்டாக வாடகைக்கு எடுக்கும் பழைய செங்கல் வீடுகளால் நிறைந்தது. பல்கலைக்கழக விடுதியில் இருந்தவரை இணையத்துக்கான செலவு வாடகையிலேயே அடங்கியிருந்ததால் அதைப் பற்றி நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 2025 ஜூலை 1 அன்று நால்வருடன் சேர்ந்து இங்கே ஒரு வீட்டில் குடியேறியபோது மின்சாரம், எரிவாயு, தண்ணீர், பிராட்பேண்ட் ஆகிய நான்கும் எங்கள் பொறுப்பாயின. தண்ணீருக்கு யார்க்‌ஷயர் வாட்டரைத் தவிர வேறு வழியில்லை. மின்சாரமும் எரிவாயுவும் ஏற்கெனவே இருந்த நிறுவனத்திடமிருந்தே வந்துகொண்டிருந்தன. முதல் நாளிலிருந்து நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது பிராட்பேண்ட் மட்டும்தான். அடுத்த ஆண்டு இங்கே படிக்க வரும் தமிழ் மாணவர்கள் பலர் இதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் நாங்கள் செய்ததை விரிவாக எழுதுகிறேன்.

வீட்டில் ஆளுக்கொரு தேவை இருந்தது. மதுரையிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த எனக்கு, ஞாயிறு காலையில் வீட்டாருடன் தடையின்றிக் காணொளியில் பேச முடிந்தால் போதும். கட்டடக்கலை படிக்கும் தோழி இரவோடிரவாகப் பெரிய வரைபடக் கோப்புகளைப் பதிவேற்றுபவர். மாடியறைக்காரர் இணைய விளையாட்டில் ஆர்வமுள்ளவர் என்பதால், நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகம் தருகிற இணைப்பே வேண்டும் என்றார். லாகோஸிலிருந்து வந்த நண்பருக்கு மலிவாக இருந்தால் போதும். ஐந்தாமவர் லண்டனின் ஹாரோ பகுதியில் வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை. அவருக்கு எதுவானாலும் சம்மதம், ஆனால் விரைவில் வர வேண்டும்.

வேகத்தைப் பற்றிய விவாதத்தைத் தொடங்குவதற்கு முன் அந்த வீட்டுக்கு எந்தெந்தக் கம்பி வருகிறது என்று பார்த்தோம். இதை முதலில் செய்யாவிட்டால் மற்ற எல்லாம் வீண்பேச்சாகிவிடும். பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் அந்த முகவரியில் கிடைக்கும் வேகத்தைக் காட்டும் இலவசச் சேவை ஒன்றை நடத்துகிறது. இங்கே விளம்பரங்களில் காணும் பல நிறுவனங்கள் தமக்கென்று கம்பி வைத்திருப்பவை அல்ல. பி.டி. (BT), ஸ்கை, வோடஃபோன் போன்றவை பெரும்பாலும் ஓப்பன்ரீச் என்ற நிறுவனத்தின் கம்பி வழியாகத்தான் சேவையை விற்கின்றன. வர்ஜின் மீடியா தனக்கென்று ஒரு கேபிள் வலையை வைத்திருக்கிறது. லீட்ஸின் பல தெருக்களில் சிட்டிஃபைபர் என்ற நிறுவனத்தின் கண்ணாடி இழையும் போகிறது. ஆகவே பத்து நிறுவனங்களின் விலையை ஒப்பிடுகிறோம் என்று நாம் நினைத்தாலும் உள்ளபடி ஒப்பிடுவது இரண்டு அல்லது மூன்று கம்பிகளைத்தான். ஒரே கம்பியில் வரும் இரு நிறுவனங்களுக்கிடையே வேறுபடுவது விலையும் ஒப்பந்தமும் ரூட்டரும் வாடிக்கையாளர் சேவையும் மட்டுமே.

எங்கள் முகவரிக்கு மூன்றுமே காட்டப்பட்டன. சிட்டிஃபைபரின் இழையில் பதிவேற்றமும் பதிவிறக்கமும் சம வேகத்தில் கிடைக்கும் திட்டங்கள் இருந்ததால் கட்டடக்கலைத் தோழிக்கு அதன்மேல் விருப்பம். ஆனால் அது தெருவரை வந்திருந்ததே தவிர வீட்டுக்குள் வரவில்லை. உள்ளே கொண்டுவர முன்சுவரில் துளை போட வேண்டும்; அதற்கு வீட்டு உரிமையாளரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். வீட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்சிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வாய்மொழிச் சம்மதத்தை மட்டும் நம்பித் துளை போட விடக் கூடாது. வீட்டைக் காலிசெய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் செய்ய அதுவே காரணமாகிவிடும்.

அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தபோதுதான் முன்னறையின் சோபாவை நகர்த்திப் பெருக்கினோம். சுவரின் அடிப்பலகைக்குச் சற்று மேலே, கையளவுள்ள வெள்ளைப் பெட்டி ஒன்று திருகப்பட்டிருந்தது. அதிலிருந்து மெல்லிய இழை ஒன்று சன்னல் ஓரத்துத் துளை வழியாக வெளியே போயிற்று. மின்னிணைப்பைக் கொடுத்ததும் ‘பான்’ என்று எழுதியிருந்த இடத்தில் பச்சை விளக்கு எரிந்து நிலைத்து நின்றது. முன்பிருந்த மாணவர்கள் ஓப்பன்ரீச்சின் முழு இழை (வீட்டுக்குள் வரை கண்ணாடி இழையே வரும்) இணைப்பைப் போட்டு, அந்தப் பெட்டியை விதிப்படி அங்கேயே விட்டுப் போயிருக்கிறார்கள். துளை போட வேண்டாம், அனுமதி வேண்டாம், பொறியாளர் வீட்டுக்கு வர வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இராது. பெட்டியின் பக்கவாட்டு ஒட்டுச்சீட்டில் இருந்த எண்ணைப் படம் எடுத்துக்கொண்டோம். விண்ணப்பிக்கும்போது அந்த எண்ணைச் சொன்னால், இருக்கும் இணைப்பை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை இழுக்கும் குழப்பம் வராது. குடியேறும் நாளிலேயே சோபா, அலமாரி, மாடிப்படி அடி, நிலவறை ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள் என்று நண்பர்களிடம் அன்றிலிருந்து சொல்லிவருகிறேன்.

அடுத்து வேகம். ஆளாளுக்கு வாதிடுவதை நிறுத்திவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு யார் என்ன செய்வார்கள் என்று காகிதத்தில் எழுதினோம். உயர்தரப் படம் பார்ப்பதற்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பது நொடிக்கு 5 மெகாபிட். 4கே தரத்துக்கு 15. காணொளி அழைப்புக்கு மூன்று, நான்கு மெகாபிட் போதும். ஐவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் ஐம்பதைத் தாண்டவில்லை. பெரிய பதிவிறக்கம் ஒன்றுதான் கணக்கை மாற்றும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு 12.5 மெகாபைட்டைத்தான் இறக்கும். 50 ஜிகாபைட் விளையாட்டு ஒன்றை இறக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். அதை நள்ளிரவுக்குப் பிறகு செய்துகொள்கிறேன் என்று மாடியறைக்காரர் ஒப்புக்கொண்டதால் ஜிகாபிட் பேச்சு அத்தோடு முடிந்தது. 150 மெகாபிட் பதிவிறக்கமும் 30 மெகாபிட் பதிவேற்றமும் உள்ள திட்டத்தில் எல்லோரும் உடன்பட்டோம். பதிவேற்ற வேகத்தை நிறுவனங்கள் சிறிய எழுத்தில்தான் போடுகின்றன. அதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

விளம்பரத்தில் வரும் ‘சராசரி வேகம்’ என்பதன் பொருளையும் அப்போது தெரிந்துகொண்டேன். 2018 மே மாதத்திலிருந்து, இரவு எட்டு முதல் பத்து மணிக்குள் பாதி வாடிக்கையாளர்களுக்காவது கிடைக்கும் வேகத்தைத்தான் இங்கே விளம்பரப்படுத்தலாம். அப்படியானால் மற்றப் பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவாகவும் கிடைக்கலாம். அதனால் நமக்கு முக்கியமானது, வாங்குவதற்கு முன் நம் முகவரிக்கென்று எழுத்தில் தரப்படும் குறைந்தபட்ச உத்தரவாத வேகம். ஆஃப்காமின் வேக நெறிமுறையில் கையெழுத்திட்ட நிறுவனமாக இருந்தால், வேகம் அதற்குக் கீழே போய் முப்பது நாளுக்குள் சரியாகாதபோது அபராதமின்றி வெளியேறலாம்.

நாங்கள் மிகுந்த நேரம் செலவிட்டது ஒப்பந்தக் காலத்தில்தான். கூட்டு மாணவர் வீட்டில் வேகத்தைவிட இதுவே பெரிய விஷயம் என்பது என் உறுதியான எண்ணம். இங்கே பெரும்பாலான திட்டங்கள் 24 மாதத்துக்கானவை. எங்கள் வாடகை ஒப்பந்தமோ 12 மாதம். 24 மாதத் திட்டம் மாதம் 24 பவுண்டு, 12 மாதத் திட்டம் 29 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் 60 பவுண்டு மிச்சம் என்று முன்னதை எடுத்தால், வீட்டைக் காலிசெய்யும்போது எஞ்சிய பன்னிரண்டு மாதத்துக்கான முறிவுக் கட்டணம் தலைமேல் நிற்கும். மீதத் தவணைகளின் கூட்டுத்தொகையிலிருந்து சிறிது கழித்துக்கொண்டாலும், மிச்சம்பிடித்ததைப் போலப் பல மடங்கு கட்ட வேண்டியிருக்கும். புது வீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று விற்பனைப் பிரிவில் சொல்வார்கள். ஆனால் ஐவரும் ஐந்து திசையில் பிரியும்போது அந்த இணைப்பை யார் எடுத்துப் போவது?

மாணவர்களுக்கென்று ஒன்பது மாத ஒப்பந்தங்களும் கோடையில் வருகின்றன. செப்டம்பரில் வந்து மே இறுதியில் ஊருக்குப் போகிறவர்களுக்கு அவை பொருந்தும். லீட்ஸில் மாணவர் வீடுகளின் வாடகை பெரும்பாலும் ஜூலை 1 அன்று தொடங்குகிறது. அன்றே எடுத்தால் ஒன்பது மாதம் மார்ச்சோடு முடிந்து, மே மாதத் தேர்வு நேரத்தில் ஒப்பந்தத்துக்குப் பிந்தைய உயர்ந்த விலையைக் கட்ட நேரும். மாதாமாதம் புதுப்பிக்கும் திட்டத்தில் தொடக்கக் கட்டணம் அதிகம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்ததில் 12 மாதத் திட்டமே எங்களுக்குக் குறைவாக வந்தது. நடுவில் வரும் விலையேற்றத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். 2025 ஜனவரி 17 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில், பணவீக்கத்தோடு பிணைத்த சதவீத உயர்வுக்கு ஆஃப்காம் இடம் தருவதில்லை. எந்த மாதம், எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ் உயரும் என்று முன்கூட்டியே எழுத வேண்டும். இதனால் ஆண்டு முழுவதற்குமான தொகையை முதல் நாளே ஐந்தால் வகுக்க முடிந்தது. தொலைக்காட்சியும் சேர்ந்த திட்டம் ஒன்றைத் தள்ளிவிட்டோம். நேரலை ஒளிபரப்பைப் பார்க்க, 2025இல் ஆண்டுக்கு 174.50 பவுண்டாக இருந்த தொலைக்காட்சி உரிமமும் வேண்டும்; எங்களில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

யார் பெயரில் எடுப்பது என்பதில்தான் மனத்தாங்கல் வரக்கூடும். கணக்கு ஒருவர் பெயரில்தான் இருக்கும். பணம் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பற்றாகப் போகும். தவறினால் அவருடைய கடன் வரலாற்றில்தான் பதிவாகும். விண்ணப்பத்தின்போது நிறுவனம் கடன் சோதனையும் செய்யும். பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வரலாறே இல்லாததால் விண்ணப்பம் மறுக்கப்படலாம் அல்லது முன்வைப்புத் தொகை கேட்கப்படலாம். ஹாரோ நண்பருக்கு அந்த வரலாறு இருந்தது. “என்ர பேரில எடுக்கலாம் அண்ணா, ஆனா மாசம் பிறக்க முன்னம் எல்லாரும் காசு போட்டுடோணும்,” என்றார். அவர் கேட்டது முழுக்க நியாயம். மாதத்தின் 25ஆம் தேதி அவரவர் பங்கு தானாக அவர் கணக்குக்குப் போகும்படி நால்வரும் வங்கியில் நிலை ஆணை போட்டோம். யாராவது இடையில் வீட்டைவிட்டுப் போனாலும் ஒப்பந்தம் முடியும்வரை பங்கைக் கட்ட வேண்டும் என்றும், சட்டவிரோதப் பதிவிறக்கம் எதுவும் அந்த இணைப்பில் நடக்கக் கூடாது என்றும், ஏனெனில் கடிதம் வந்தால் அவர் பெயருக்கே வரும் என்றும் எழுதி ஐவரும் கையெழுத்திட்டோம். நண்பர்களுக்குள் எதற்குக் காகிதம் என்று ஒருவர் தயங்கினார். பொறுப்பை ஒருவர் மட்டும் சுமக்கும்போது மற்றவர்கள் எழுதிக் கொடுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை என்று நான் சொன்னேன். இன்றும் அதையே சொல்வேன்.

குறித்த தேதியில் இணைப்பு வரவில்லை. முன்பிருந்தவர்களின் சேவை அந்த வெள்ளைப் பெட்டியில் இன்னும் முறையாக முடிக்கப்படாமல் இருந்ததாம். நாங்கள் தேர்ந்த நிறுவனம் இதைத் தானாகச் சொல்லவில்லை; அரட்டைச் சேவையில் ஒவ்வொரு முறையும் புதிய ஒருவருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. ஒட்டுச்சீட்டின் படத்தையும் வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் அனுப்பிய பிறகுதான் காரியம் நகர்ந்தது. அதுவரை முப்பது நாள் சிம் ஒன்றைப் போட்ட 5ஜி ரூட்டரும் பல்கலைக்கழக நூலகமும் கைகொடுத்தன. தானியங்கி இழப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த நிறுவனமாகப் பார்த்துத் தேர்ந்திருந்தது இங்கே பயன்பட்டது. 2019 ஏப்ரலில் அத்திட்டம் தொடங்கியபோது, சேவை தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5 பவுண்டு, பொறியாளர் சொன்ன நாளில் வராவிட்டால் 25 பவுண்டு என்று இருந்தது. அதன்பின் தொகைகள் ஆண்டுதோறும் உயர்ந்துவந்திருக்கின்றன. நாங்கள் கேட்காமலேயே முதல் பில்லில் அது கழிக்கப்பட்டிருந்தது. இத்திட்டத்தில் சேர்வது கட்டாயமல்ல என்பதால், சேர்ந்திருக்கிறார்களா என்று முன்பே பார்த்துவிட வேண்டும்.

இணைப்பு வந்த அன்று ரூட்டருக்குப் பக்கத்தில் மடிக்கணினியைக் கம்பியால் இணைத்து வேகத்தை அளந்தோம், சொன்னபடியே இருந்தது. மாடியறையில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தடித்த செங்கல் சுவர்களையும் இரண்டு தளங்களையும் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை எளிதில் தாண்டுவதில்லை; 2.4 கிகாஹெர்ட்ஸ் அதைவிட நன்றாகத் தாண்டுகிறது, ஆனால் அண்டை வீடுகளின் வைஃபை எல்லாம் அதே அலைவரிசையில் நெரிகின்றன. இதற்கு வேகமான திட்டத்துக்கு மாறுவது தீர்வாகாது. தட்டையான ஈதர்நெட் கம்பியை மாடிப்படி ஓரமாக, கம்பளத்தின் விளிம்புக்கு அடியில் செருகிக் கொண்டுபோய், மேலே இன்னொரு வைஃபை பெட்டியை வைத்தோம். ஆணி அடிக்கவில்லை, சுவரைத் தொடவில்லை. அந்தச் செலவையும் ஐந்தாகவே பிரித்தோம். மேலே இருப்பவருக்கு மட்டுமான வசதி அது என்று யாரும் சொல்லவில்லை.

ஒப்பந்தம் முடிவதற்குப் பத்து முதல் நாற்பது நாள் முன்பு நிறுவனம் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது 2020 பிப்ரவரியிலிருந்து உள்ள விதி. ஆனால் அறிவிப்பு வந்துவிட்டதால் சேவை தானாக நின்றுவிடாது. நாம் சொல்லாவிட்டால் உயர்ந்த விலையில் தொடரும். ஆகவே நிறுத்தக் கேட்க வேண்டிய தேதியை ஐவரின் நாட்காட்டியிலும் இப்போதே குறித்திருக்கிறோம். ரூட்டரை அதன் பெட்டியோடு அஞ்சலில் திருப்பி அனுப்பி ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வராத ரூட்டருக்குக் கட்டணம் போடுவார்கள். சோபாவுக்குப் பின்னால் உள்ள வெள்ளைப் பெட்டியைக் கழற்றக் கூடாது. அது இருக்கும் இடத்தையும் அதன் எண்ணையும் எழுதி, எங்கள் சேவை நிறுத்தப்படும் தேதியோடு, அடுத்துக் குடிவருபவர்களிடம் கொடுக்கும்படி ஏஜென்சிக்கு அனுப்பிவிட்டோம்.