நட்சத்திரம் தெரியாத இரவு

மூணாறு எஸ்டேட்டில் வளர்ந்தவனுக்கு உறைபனி புதிதில்லை. ஜனவரியில் தேயிலை மேல் வெள்ளையாகப் படிந்து கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போகும். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் மலையேற்றக் குழுக்களைக் கூட்டிக்கொண்டு இமாச்சல் போகிறேனே, அங்கே பார்க்கிற பனியே வேறு. குளிர்காலம் முடிந்தது, வெயில் வந்துவிட்டது, இனி பயமில்லை என்றுதான் வருகிறவர்கள் நினைக்கிறார்கள், முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வெயில்தான் ஆபத்து என்று புரிய ஒரு சீசன் ஆனது.

பகலில் உருகிய தண்ணீர் பனிக்குள் இறங்கி அடுக்குகளின் பிடிப்பைத் தளர்த்திவிடும். இரவில் வானம் தெளிவாக இருந்தால் பனி தன் சூட்டை விட்டுவிட்டு மறுபடி இறுகும். மேகம் மூடியிருந்தால் இறுகாது. அதனால் நடுராத்திரியில் எழுந்து, கூடாரத்தைத் திறந்து, நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒரு முறை கணவாய்க்குக் கீழே அப்படி எழுந்து பார்த்தபோது ஒரு நட்சத்திரம்கூட இல்லை. விடியும் முன் கிளம்பினோம், சரிவின் அடிவாரத்திலேயே பூட்ஸ் முழங்கால் வரை இறங்கியது. ஒரு பிடி பனியை அள்ளி அழுத்தினேன், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. மேலே இருந்த சரிவு 35 டிகிரி இருக்கும், பனிச்சரிவு அதிகம் கிளம்புவது 30க்கும் 45க்கும் நடுவில்தான். திரும்பலாம் என்றேன்.

"இவ்வளவு காசு கட்டி வந்திருக்கோம் தம்பி, மண்வெட்டி, பீக்கன் எல்லாம் இருக்குல்ல?" என்றார் ஒருவர். பீக்கன் என்பது பனிக்குள் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி. இருக்கிறது சார், ஆனால் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தாக வேண்டும், சரிந்து வந்து நின்ற பிறகு ஈரப்பனி சிமெண்ட் மாதிரி இறுகிவிடும் என்றேன். அவர் பதில் பேசவில்லை. அன்று சாயங்காலம் வரை அந்தச் சரிவு அப்படியே நின்றது, கூடாரத்தில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடிதான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, லயத்து வரிசை வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் தோட்டத்து ஜனங்கள், 70 பேரை மண்சரிவு கொண்டுபோனது. அங்கே மண், இங்கே பனி, இரண்டுக்குள்ளும் இறங்குவது தண்ணீர்தான். "மழை விட்டாலும் மண்ணு குடிச்ச தண்ணி உள்ளதாம்ப்பா இருக்கும்" என்று அப்பா சொல்வார். அது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால்தான் கைக்குத் தெரிந்ததை நம்புகிறேன், யார் கோபித்தாலும் சரி.

அடுத்த இரவு வானம் நிறைய நட்சத்திரம். நாலு மணிக்கே கிளம்பினோம், கிழக்கு பார்த்த சரிவில்தான் வெயில் முதலில் விழும், அதற்குள் தாண்டிவிட வேண்டும். பூட்ஸ் அடியில் மாட்டிய க்ராம்பானின் பல் பதிய ஒவ்வொரு அடிக்கும் கறக் கறக் என்று சத்தம். காசு கட்டியதைச் சொன்னவர் எனக்குப் பின்னால் வந்தார். பாதி வழியில் நின்று குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார். இறங்கவில்லை. "நேத்து இது இப்படி இல்லல்ல தம்பி" என்றார்.