பழைய கார் வாங்க பிராண்ட் மட்டும் பார்த்தால் போதாது

பழைய கார் வாங்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். “டயோட்டாவோ ஹோண்டாவோ எடு, ஜெர்மன் கார் பக்கமே போகாதே.” அதில் உண்மை உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பிப் பணம் போட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் தரவரிசைகளைப் படித்தேன். ஒன்றில் மேலே இருக்கும் பிராண்ட் இன்னொன்றில் கீழே கிடந்தது. காரணம், அவை அளப்பதே வேறு வேறு. ஜே.டி. பவர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் மூன்று வயதான கார்களின் உரிமையாளர்களிடம் கேட்கிறது. தொடுதிரை, புளூடூத் தொல்லைகளும் அங்கே பழுதுக் கணக்கில்தான் சேரும். ஜெர்மனியில் வாகனங்களைப் பரிசோதிக்கும் டியூவ் அமைப்பின் அறிக்கை கட்டாயப் பரிசோதனையில் தெரியவரும் பிரேக், விளக்கு, சஸ்பென்ஷன் பழுதுகளைக் கணக்கிடுகிறது. கியர்பாக்ஸ் உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. வயதான காரில் பெரிய செலவு வைப்பதில் கியர்பாக்ஸும் ஒன்று.

சரி என்று, பிராண்டை விட்டு இன்ஜின், கியர்பாக்ஸ் பெயர்களை வைத்துத் தேடினேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. ஃபோக்ஸ்வாகனிலேயே டிகியூ200 கியர்பாக்ஸ் உலர் கிளட்ச் கொண்டது, டிகியூ250-இன் கிளட்ச் ஆயிலில் இயங்குவது, இரண்டும் ஒன்றல்ல. பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜினில், வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் அதை மாற்ற முடியாது.

பிறகு ஒவ்வொரு காருக்கும் ஒரே அட்டவணை போட்டேன்: டைமிங் பெல்ட் அல்லது செயின், வாட்டர் பம்ப், பிரேக் டிஸ்க், ஷாக் அப்சார்பர், கியர்பாக்ஸ் ஆயில், டயர். ஒவ்வொன்றையும் அடுத்து எப்போது மாற்ற வேண்டும், உதிரிபாகம் என்ன விலை என்று எழுதினேன். வழக்கமான சர்வீஸ் செலவில் பிராண்டுகளுக்கு இடையே நான் நினைத்த அளவு வித்தியாசம் இல்லை. பெரிய ரிம்முக்கான டயரும் ஏதாவது ஒரு பெரிய வேலையும்தான் கணக்கைத் தலைகீழாக்கின. சொகுசு கார் பழசானால் காரின் விலைதான் இறங்கும், அதன் உதிரிபாக விலை அப்படி இறங்காது. இதை எல்லோரும் எழுதிப் பார்க்க வேண்டும்.

நேரில் பார்க்கப் போகும்போது, இன்ஜினை முன்கூட்டியே ஓட வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டே போனேன். ஓர் இடத்தில் பானெட்டைத் தொட்டால் சூடு! அந்தக் காரை அப்படியே விட்டுவிட்டேன். இன்னொன்றில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகள் செயின் கடகடத்தது, பிறகு சத்தமே இல்லை. சூடான இன்ஜினில் அது காதில் விழுந்திருக்காது.

கடைசியில் எடுத்தது மாஸ்டா 3. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், டைமிங் செயின், டார்க் கன்வர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியே விசையைக் கடத்தும் அமைப்பு) கொண்ட ஆட்டோமேட்டிக். மற்றவற்றைவிட அதிகக் கிலோமீட்டர் ஓடியிருந்தது, ஆனால் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய ரசீது வரை எல்லாம் இருந்தன. வாங்கியதும் ஆயில், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட் மூன்றையும் மாற்றினேன். அப்புறம் வந்த பெரிய செலவு முன் டயர்களும் பின் ஷாக் அப்சார்பர்களும்தான். இரண்டும் அட்டவணையில் ஏற்கெனவே இருந்தவை.