ஸ்ரீ வராத எழுத்துரு

அக்கா மகள் கல்யாணப் பத்திரிகையை நானே வடிவமைக்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மாதிரிப் படத்தில் அவ்வளவு அழகாக இருந்த ஒரு எழுத்துருவை இறக்கி, முதல் வரியில் ‘ஸ்ரீ’ அடித்தால் வெறும் கட்டம்!

அன்றிலிருந்து இலவச எழுத்துருத் தளமான கூகுள் ஃபான்ட்ஸுக்குப் போனால், மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்ததும் முன்னோட்டப் பெட்டியில் என் சொந்த வரியைத்தான் ஒட்டுகிறேன், அதுவும் வம்பு பிடித்த எழுத்துகளாகப் பார்த்து: ஸ்ரீ, க்ஷ, ணூ, கௌ, றி, கூடவே ஒரு தேதி, ரூபாய்க் குறி, கொஞ்சம் ஆங்கிலம். அப்புறம் அளவைக் குறைத்து, மெய்யெழுத்தின் புள்ளி தலையோடு ஒட்டிக்கொள்கிறதா, ணூவின் வால் கீழ்வரியில் இடிக்கிறதா என்று பார்ப்பேன். பெரிய அளவில் எல்லாமே அழகுதான்.

தடிமன்களும் முக்கியம். அங்கிருக்கும் தமிழ் எழுத்துருக்களில், கேட்டமரனில் மெல்லிய 100 முதல் தடித்த 900 வரை ஒன்பது, ஹிந்த் மதுரையில் ஐந்து. கவிவனாரில் ஒன்றே ஒன்று, அதைத் தலைப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. பலூ தம்பி பிறந்தநாள் பேனருக்கு ஜோர், பத்திரிகைக்கு வேண்டவே வேண்டாம்.

உரிமம்? ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்றால் காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், எழுத்துருவைத் தனியாக விற்கத்தான் கூடாது.

சரி, இவ்வளவும் பார்த்து எடுத்த எழுத்துருவில் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ‘கொ’ சிதறினால் அதைத் திட்டாதீர்கள். பத்தி அமைப்பில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போஸருக்கு மாற்றிப் பாருங்கள். நான் அரை நாள் திட்டினேன்.